கடலடிச் சிலைக்கூடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், கடலடி மணலில் கைகோத்து வட்டமாக நிற்கும் குழந்தைச் சிலைகளின் படம் ஒன்றை வெளியிட்டிருந்தோம். அந்தப் படம் சுங்கை சிப்புட் வாசகர்களை இவ்வளவு எழுதத் தூண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெயரிலேயே நத்தையை வைத்துக்கொண்டு, பால்மரமும் செம்பனையும் சூழக் கடலை விட்டுத் தள்ளி இருக்கும் ஊர் நம்முடையது. ஆனாலும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடலடியைப் பற்றியே கேட்கின்றன. நாற்பத்தொரு வயதில் தியோமான் தீவில் முக்குளிக்கக் கற்றுக்கொண்ட ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன் என்ற ஒரே தகுதியில் அவற்றுக்கு நான் பதில் எழுதுகிறேன்.

நிலத்தில் இடமில்லை என்றா ஐயா, சிலைகளைக் கடலுக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள்?
*ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர்*

நிலத்தில் இடம் இல்லாததால் அல்ல, கடலில் ஆள் மிகுந்துபோனதால் வைத்தார்கள். மெக்சிகோவின் கான்கூன் நகரை ஒட்டிய தேசியக் கடல்பூங்காவுக்கு ஆண்டுதோறும் 750,000-க்கும் மேற்பட்டோர் வந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய துடுப்புக்காலணிகள் இடித்தும், களைத்தவர்கள் கால் ஊன்றியும், படகுகளின் நங்கூரம் விழுந்தும் பவளப்பாறைகள் நொறுங்கின. போதாக்குறைக்குச் சூறாவளிகளும் வந்து போயின. வருகிறவர்களைத் தடுத்தால் ஊரின் பிழைப்புக் கெடும், தடுக்காவிட்டால் பாறை அழியும் என்ற நிலையில், பூங்காவின் இயக்குநராக இருந்த ஹைமே கொன்சாலஸ் கானோ, பார்ப்பதற்கு வேறொன்றை வேறோர் இடத்தில் வைத்தால் கூட்டத்தில் ஒரு பகுதி அங்கே போகுமே என்று எண்ணினார். அந்த எண்ணத்தில் 2009-இல் வேலை தொடங்கி, 2010 நவம்பரில் கடலடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அங்கே ஐந்நூறு சிலைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஏறத்தாழ 450 உருவங்கள் ஒரே கூட்டமாக நிற்கின்றன. அவை கற்பனை முகங்கள் அல்ல. அப்பகுதியில் வாழும் மனிதர்களை நிற்கவைத்து அச்செடுத்து வார்த்தவை.

அவற்றைச் செய்த ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் பிரிட்டிஷ் சிற்பி. தகப்பனார் ஆங்கிலேயர், தாயார் கயானாவைச் சேர்ந்தவர். சிறுவயதில் அவர் பவளப்பாறைகளைப் பார்த்துப் பழகியது நம் மலேசியக் கடலில்தான் என்பதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? கான்கூனுக்கு முன்பே, 2006-இல், கரீபியக் கடலில் உள்ள கிரெனடா தீவின் மொலினியர் விரிகுடாவில் உலகின் முதல் கடலடிச் சிலைப் பூங்காவை அவர் அமைத்தார். சென்ற இதழில் நீங்கள் பார்த்த 26 குழந்தைகளின் வட்டம் அங்கேதான் இருக்கிறது. அது அடிமை வணிகத்தில் கடலில் வீசப்பட்டவர்களின் நினைவுச்சின்னம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். சிற்பியின் நோக்கம் அதுவன்று. அவ்வூர்க் குழந்தைகளையே அவர் அச்செடுத்தார். இருந்தாலும், அந்தக் கடலில் நடந்த வரலாற்றை அறிந்தவர்களின் மனம் அங்கே போவதை எப்படிக் குறைசொல்ல முடியும்?

இந்தச் சிலைகளுக்குச் சாதாரணச் சிமெண்டு உதவாது. அதன் காரத்தன்மை பவளக் குஞ்சுகளுக்கு ஆகாது என்பதால், காரம் தணிந்த கடல்வகைச் சிமெண்டைக் கொண்டு, மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டு வார்க்கிறார்கள். பவளத்தின் இளவுயிரி நீரில் மிதந்து திரிந்து, கெட்டியான ஓர் இடத்தில் ஒட்டினால்தான் வளரும். புரளும் மணலில் அதற்குப் பிடிமானம் கிடையாது. எனவே வெறும் மணற்பரப்பில் நிறுத்தப்படும் சிலை, சிலையாகவும் இருக்கிறது, நாற்றங்காலாகவும் ஆகிறது. கான்கூனில் 8 டன் எடையில் ஒரு சிமெண்டு வோக்ஸ்வேகன் கார் கிடக்கிறது; அதன் உட்புறம் கல்லிறால்கள் குடியிருப்பதற்கென்றே குடையப்பட்டது.

கடலடியில் 5,000 ஆண்டுப் பழமையான விஷ்ணு கோயில் கண்டுபிடிக்கப்பட்டதாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வந்தது. இதுவும் அந்த வகைதானா?
*தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்*

எனக்கும் அந்தப் படம் வந்தது. அனுப்பியவர்களில் என் பழைய மாணவர்களே மூவர். வாசல் கோபுரம் போன்ற ஒரு கல் நுழைவாயிலும், பீடங்களின் மேல் பாசி படர்ந்த சிலைகளும் அதில் தெரிகின்றன. அவை பாலித் தீவின் வடமேற்கே உள்ள பெமுத்தேரான் கடலில், ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. ஆனால், அவை 2005-இல் இறக்கப்பட்டவை. வெடிவைத்து மீன்பிடித்ததில் சிதைந்த பாறைகளை மீட்கும் முயற்சி அந்தக் கிராமத்தில் நடந்துவந்தது. மீனுக்குப் புகலிடமாகவும், முக்குளிக்க வருகிறவர்களுக்குக் காட்சியாகவும் அந்தச் சிலைத் தோட்டம் அமைக்கப்பட்டது. கடல்நீரில் சில ஆண்டுகள் கிடந்த எந்தக் கல்லும் ஆயிரமாண்டுக் கிழவனைப் போலத் தோற்றம் கொள்ளும். அந்தத் தோற்றத்தை நம்பிப் புராண காலக் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

கடல்கோள் நினைவு நம் இரத்தத்தில் ஊறியது என்பதால் நாம் இப்படிப்பட்ட செய்திகளுக்கு எளிதில் மயங்குகிறோம். பூம்புகார்க் கடலில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் நடத்திய அகழாய்வு வேறு, இது வேறு. உண்மையிலேயே மூழ்கிய பழைய நகரைப் பார்க்க விரும்பினால், இத்தாலியின் பாயா உண்டு. அங்கேயும் நீருக்குள் நிற்கும் சிலைகள் சில இப்போது நகல்களே. மூலச் சிலைகளை எடுத்துக் கரையில் உள்ள கோட்டை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள்.

எனக்கு வயது 52. நீச்சல் தெரியாது. ஆண்டு இறுதியில் லோம்போக் போகலாம், அங்கே கடலடிச் சிலைகளைப் பார்க்கலாம் என்று மகள் வற்புறுத்துகிறாள். என்னால் முடியுமா ஐயா?
*இல்லத்தரசி ஒருவர்*

முடியும் அம்மா, ஆனால் இன்றைக்கு இருக்கும் நிலையில் வேண்டாம். மகள் சொல்வது லோம்போக்கை ஒட்டிய கிலி மேனோ என்ற சிறு தீவாக இருக்கும். அங்கே 2017-இல் அதே சிற்பி அமைத்த 48 உருவங்கள், சிலர் நின்றபடியும் சிலர் சுருண்டு படுத்தபடியுமாக, ஒரு பறவைக்கூட்டைப் போல வட்டமிட்டிருக்கின்றன. ஆழம் 4 மீட்டர் அளவுதான். முகக்கண்ணாடி அணிந்து, வாயில் சுவாசக்குழாயுடன் நீர்மட்டத்தில் குப்புற மிதந்தாலே முழுவதும் தெரிந்துவிடும். இதைத்தான் ஸ்நோர்கலிங் என்கிறோம். ஸ்கூபா என்பது முதுகில் காற்றுத்தொட்டியைச் சுமந்துகொண்டு கீழே இறங்குவது. கான்கூனில் இரண்டு கூடங்கள் உண்டு. மாஞ்சோனேஸ் பகுதி 8 மீட்டர் ஆழம், நிசுக் பகுதி 4 மீட்டர். பின்னது ஸ்நோர்கலிங்குக்கு மட்டுமே. பிரான்சின் கான் நகருக்கு எதிரே 2021-இல் வைக்கப்பட்ட ஆறு பெரிய முகங்களும் உங்களைப் போன்றோர் மிதந்தபடியே பார்க்கக்கூடிய ஆழத்தில் இருக்கின்றன. ஸ்பெயினின் லான்சரோத்தே தீவில் உள்ளவை 12 மீட்டருக்குக் கீழே இருப்பதால், ஸ்கூபா இல்லாமல் அங்கே போவதில் பொருளில்லை.

உயிர்காப்புச் சட்டை மிதக்கவைக்கும் என்பது உண்மைதான். ஆனால், குழாயில் தண்ணீர் புகுந்த நொடியில் பதறாமல் இருப்பதை அது கற்றுத்தராது. ஈயக்குட்டையில் விழுந்து போன பிள்ளைகளின் கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். தண்ணீர்ப் பக்கம் போகாதே என்பதுதான் லயத்துத் தாய்மார்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே நீச்சல் பாடம். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அது பல உயிர்களைக் காத்தது. ஆனால், அச்சத்தோடு கடலில் மிதப்பவர் கால் தட்டுப்படும் எதன் மேலும் ஏறி நிற்கப் பார்ப்பார், அங்கே தட்டுப்படுவது பெரும்பாலும் பவளமாக இருக்கும். எனவே, ஈப்போவில் ஒரு நீச்சல்குளத்தில் மகளோடு சில வாரங்கள் பழகுங்கள். பிடிமானம் எதுவும் இல்லாமல் பத்து நிமிடம் மிதக்கவும், குழாயில் புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றவும் வந்துவிட்டால் பயணச்சீட்டு வாங்கலாம். ஆண்டு இறுதி அங்கே மழைக்காலம் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்; மே முதல் செப்டம்பர் வரை நீர் தெளிவாக இருக்கும்.

நண்பர்கள் நால்வர் ஸ்கூபா கற்க நினைக்கிறோம். சிறுவயதில் ஆற்றில் மூச்சடக்கிப் போட்டி போட்ட பழக்கம் எனக்கு உண்டு. அது உதவுமா?
*தொழிற்சாலைப் பணியாளர் ஒருவர்*

உதவாது, கெடுதல் செய்யும். மூச்சடக்கி முத்தெடுப்பது நம் மரபு. மன்னார்க் கடலில் குளிப்பவர் கல்லின் பாரத்தால் கீழே போவார். கயிற்றைப் படகில் மைத்துனர் பிடித்திருப்பார் என்று சொல்வதுண்டு, தங்கையின் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டார் என்ற நம்பிக்கையில். ஸ்கூபாவின் முதல் விதி இதற்கு நேர்மாறானது: எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக்கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நிலமட்டத்தைப் போல இரு மடங்கு. அங்கே தொட்டியிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வர வர விரிந்து, நீர்மட்டத்தில் இரு மடங்காகிவிடும். வாயை மூடிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழியும். அதற்கு ஓரிரு மீட்டர் ஆழமே போதும். அந்தத் தொட்டியில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். மைத்துனர் முறை மட்டும் இன்றும் மாறவில்லை. இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும், ஒருவர் மற்றவரைப் பார்வையில் வைத்திருக்க வேண்டும்.

கேமரன் மலை ஏறும்போது காது அடைக்கும் அல்லவா? நீரில் இறங்கும்போது அதைவிடப் பலமடங்கு விரைவாக அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெல்ல ஊதினால் திறக்கும்; வலி வந்தபின் அல்ல, வலிக்கும் முன்பே, மீட்டருக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது. ஆஸ்துமா, இதயநோய், காது அறுவைச் சிகிச்சை ஆகியவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நம் இனத்தில் மிகுந்திருக்கும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரும் மருத்துவரின் ஒப்புதல் பெறாமல் இறங்கக்கூடாது.

பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் இறங்கும் அறிமுக முக்குளிப்பில் 12 மீட்டர் வரை போகலாம். முதல்நிலைச் சான்றிதழ் பெற்றவருக்கு எல்லை 18 மீட்டர். அந்தச் சான்றிதழுக்கு 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டியிருக்கும். கான்கூன் சிலைகளுக்கு இது மிகுதி. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகருக்கு அப்பால், ஜோன் புரூவர் பாறையில் 2019 இறுதியில் இறக்கப்பட்ட, பசுமைக்குடில் வடிவிலான அதே சிற்பியின் கடலடிச் சிலைக்கூடத்துக்கு இது சரியாகப் போதும், ஏனென்றால் அதன் அடித்தளம் 18 மீட்டரில் இருக்கிறது. பெமுத்தேரான் சிலைகளுக்கு இது போதாது. அங்கே இறங்க அடுத்தநிலைப் பயிற்சி வேண்டும்.

எனக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது. கடலடியில் என்ன தெரியப்போகிறது?
*கல்லூரி மாணவி ஒருவர்*

பார்வைக்கு ஏற்ற வில்லை பொருத்திய முகக்கண்ணாடிகள் கிடைக்கின்றன. வாடகைக்கு வைத்திருக்கும் இடங்களும் உண்டு. சாதாரணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் மேல் முகக்கண்ணாடியை மாட்டினால் தண்ணீர் புகும். நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால்பங்கு அருகிலும் தோன்றும் என்பது உங்களுக்குக் கூடுதல் வசதி. ஆனால், சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். 10 மீட்டரில் குங்குமம் கருப்பாகத் தெரியும். நல்ல வெயில் நேரத்தில் ஆழமில்லாத இடத்தில் பார்க்கும் சிலைதான் உண்மையான நிறத்தில் பார்த்த சிலை. கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உட்புறம் எச்சில் தடவி அலசுவது உலகெங்கும் உள்ள வழக்கம். வெற்றிலை போடுபவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளவும்.

பவளத்தைத் தொடக்கூடாது, சரி. சிமெண்டுச் சிலையைத் தொட்டுப் படம் எடுத்தால் என்ன கெட்டுவிடும்?
*வாசகர் ஒருவர்*

நீங்கள் தொடுவது சிமெண்டை அல்ல. இறக்கிய சில வாரங்களில் பாசி படியும், பிறகு கடற்பஞ்சு, பிறகு பவளம். விரல்நகம் அளவுக்கு அங்கே தெரியும் ஒரு பொட்டு, ஓராண்டுக்கு மேல் முயன்று வளர்ந்த ஓர் உயிர்க்கூட்டமாக இருக்கலாம். கட்டிப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பான காப்புப் படலம் கலைந்து நோய் தொற்றும். உங்கள் கையும் தப்பாது. பழுப்பு நிறத்தில் அப்பாவியாகத் தோன்றும் தீப்பவளம் பட்ட இடம் நெருப்புச் சுட்டதைப் போல எரியும், கடல் முள்ளெலியின் முள் தைத்தால் உடைந்து உள்ளேயே நின்றுவிடும்.

இதை எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. தியோமானில் என் மூன்றாவது முக்குளிப்பில், படம் எடுக்கும் ஆசையில் நிலைதடுமாறி, ஒரு மான்கொம்புப் பவளத்தின் மேல் காலை வீசினேன். முழங்கை நீளக் கிளை ஒன்று முறிந்து மெதுவாகக் கீழே போனது. பயிற்றுநர் படகில் ஒரு சொல்லும் பேசவில்லை; மறுநாள் முழுவதும் என்னை மணற்பரப்பின் மேல், எதையும் தொடாமல், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் மூச்சின் அளவிலேயே அந்தரத்தில் நிற்கப் பழக்கினார். மிதப்பை அடக்கியாளும் அந்தப் பயிற்சி வராதவர்களைப் பவளப்பாறைக்கு அனுப்பாமல், சிலைகளிடம் அனுப்புவதற்காகத்தான் கான்கூனில் அருங்காட்சியகமே தோன்றியது என்பதைப் பிற்பாடு அறிந்தபோது, அந்தச் சிற்பி என்னைப் போன்ற ஒருவரை மனத்தில் வைத்தே வேலை செய்திருப்பார் என்று தோன்றியது.

சூரியக்களிம்பைப் பற்றியும் ஒரு சொல். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 முதல் தடைசெய்திருக்கிறது. கைநீளச் சட்டை போட்டு நீந்தினால் களிம்புச் செலவும் மிச்சம்.

பத்து வருடத்தில் முகமே தெரியாமல் மூடிப்போகும் சிலையைச் செய்வானேன்? அது சிற்பிக்கு நட்டமில்லையா?
*ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர்*

அழகான கேள்வி. நம் ஊரில் சிலையைக் கரைப்பதற்காகவே களிமண்ணில் பிள்ளையார் செய்கிறோம், கரைந்ததும் நட்டம் என்று அழுவதில்லை. இவர் செய்வது கரைவதில்லை, மூடுகிறது. முகம் மறைய மறைய வேலை நிறைவேறுகிறது என்பதே அவர் கருத்து. எனவே, புதிதாக இறக்கியபோது எடுத்த படத்தை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கும். மூக்கு இருந்த இடத்தில் கடற்பஞ்சு இருக்கும்.

ஆனால், ஒன்றை மறைக்கக்கூடாது. கடல் சூடேறினால் சிலையின் மேல் வளர்ந்த பவளமும் இயற்கைப் பாறையில் வளர்ந்த பவளத்தைப் போலவே வெளிறும். 2010-இல் நம் நாட்டிலேயே தியோமான், ரெடாங் உள்ளிட்ட கடல்பூங்காக்களில் சில முக்குளிப்பிடங்களை வெளிறலின் காரணமாக மூடினார்கள். டவுன்ஸ்வில்லில் இதையே காட்சியாக்கியிருக்கிறார் சிற்பி. கரையோர நீரில் நிற்கும் ஒரு பழங்குடிச் சிறுமியின் சிலை, பெருந்தடுப்புப் பாறைப் பகுதியில் பதிவாகும் நீர்வெப்பத்துக்கு ஏற்ப இரவில் நீலத்திலிருந்து சிவப்பு வரை நிறம் மாறி ஒளிர்கிறது. நீச்சல் தெரியாதவர்கள் அதைக் கரையில் நின்றே பார்க்கலாம்.

முதல் அடியை எங்கிருந்து வைப்பது? மெக்சிகோவெல்லாம் நமக்கு எட்டுமா?
*செம்பனைத் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவர்*

மெக்சிகோ எட்டாவிட்டால் குற்றமில்லை. முகக்கண்ணாடிக்கும் குழாய்க்கும் பழகப் பங்கோர் போதும். நீர் அவ்வளவு தெளிவாக இராது, ஆனால் அருகில் இருக்கிறது. ஸ்கூபா கற்கப் பெர்ஹெந்தியான் தீவுக்குப் போங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக்கரைத் தீவுகள் அடைத்துக் கிடக்கும் என்பதால், ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் விடுப்புக் கேளுங்கள். அங்கே சான்றிதழ் பெற்ற பிறகு கிலி மேனோவோ பாலியோ போகலாம்.

திரும்பும் பயணத்தில் கவனம் தேவை. முக்குளித்தபோது உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் அது இரத்தத்தில் குமிழ்விடும். ஒருமுறை முக்குளித்தவர் 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது. விமானம்தானே, நாம் காரில்தானே போகிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். கோல பெசுட்டிலிருந்து நம் ஊருக்கு வரும் ஜெலி–கிரிக் நெடுஞ்சாலை தித்திவாங்சா மலைத்தொடரில் 1,000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஆகவே, கடைசி நாளில் தொட்டியைக் கரையில் வைத்துவிட்டு ஸ்நோர்கலிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் காலைப் படகில் கரை திரும்பி, ஜெலியில் பசியாறிவிட்டு மலை ஏறினால் பொழுது சாய்வதற்குள் சுங்கை சிப்புட் வந்துவிடலாம்.